எந்தக் கட்டு?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் ஆட்கள் சொல்வார்கள். பொய் இல்லை. சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் நின்றுகொண்டு, ஒரு பேருந்தைவிட நீளமான இரும்பை அதன் தரையோடு சேர்த்துக் கட்டுகிறவளுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். நான் அந்த விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் மேஸ்திரி. ஆரம்பத்தில் 'பொம்பளை மேஸ்திரி' என்றார்கள். போகப் போக அந்த முதல் வார்த்தையை அவர்களாகவே விட்டுவிட்டார்கள்.

எங்கள் கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டினவர் தன் கட்டைப் பற்றித் தானே பேசக் கூடாது. சங்கிலியை மாட்டி, முறுக்கி, இறுக்கி முடித்ததும் ஒதுங்கி நிற்க வேண்டும். இன்னொருவர் வந்து உடம்பின் மொத்த எடையையும் போட்டு அதை இழுத்துப் பார்ப்பார். இம்மியும் அசையவில்லை என்றால் எல்லோர் காதிலும் விழும்படி, "பிடிச்சிருக்கு" என்பார். அந்தச் சொல் வராமல் அடுத்த கட்டில் யாரும் கை வைக்க மாட்டோம். ஒரு கட்டுக்கு ஒரு தடவைதான் சொல்லுவோம். திரும்பத் திரும்பச் சொன்னால் சொல்கிறவருக்கே சந்தேகம் என்று அர்த்தம்.

இந்த ஒரு சொல்லால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. விமானத்தோடு கூடவே பறந்துபோய்ச் சரக்குக்குப் பொறுப்பாக இருக்கிற அதிகாரியாக அவர் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம். ஒரு பெரிய பெட்டிக்கு அடியில் குனிந்து நான் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"பிடிச்சிருக்கு" என்றார்.

நான் நிமிரவே இல்லை. "எந்தக் கட்டு?" என்றேன்.

"கட்டு இல்லைங்க, மேஸ்திரி. உங்களைத்தான்."

"முதல்ல கீழ எறங்குங்க. லோடு ஏத்தணும்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியவில்லை. என் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் நானே போய், உங்கள் வீட்டில் பெரியவர்களை எப்போது பார்க்கலாம் என்று கேட்டேன். இன்று எங்கள் மகள் கல்லூரிக்குப் போகிறாள், ஆனாலும் "எந்தக் கட்டு?" என்று யாராவது கேட்டால் கொட்டகையே சிரிக்கிறது. அவரோ அன்றைக்குப் பிறகு என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. கேட்டால், "ஒரு கட்டுக்கு ஒரு தடவைதானே? உங்க சட்டம்தான்" என்பார். ஆளைப் பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் போல இருப்பார். நம்பிவிடக் கூடாது.

நான் சொல்ல வந்த நாளின் காலையில் ஏறியது ஒரு கப்பல் எஞ்சினின் சுழல் தண்டு. ஒரே வார்ப்பு, ஒரே துண்டு. அளவுக்கு மீறி உபசாரம் கேட்கிற சரக்கை நாங்கள் 'மாப்பிள்ளை' என்போம். இந்த மாப்பிள்ளைக்குப் படுக்கை போட்டு, பக்கத்துக்குக் கட்டை கொடுத்து, முன்னும் பின்னும் சங்கிலி போட்டு முடிப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

கடைசிச் சங்கிலியை ஊமை கட்டினான். விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அன்றும் தன் மைத்துனன் வாங்கிய பழைய காரைப் பற்றிப் பேசிக்கொண்டே கட்டினான். நான் தடவிப் பார்த்தபோது நடுவில் ஒரு வளையம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. இழுத்துப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். ஒரு குலுக்கலில் அந்த முறுக்கு அவிழ்ந்தால் சங்கிலி ஒரு சாண் தளர்ந்துவிடும். அப்படியொரு கனத்துக்கு ஒரு சாண் இடம் கொடுத்தால் போதும், மீதி இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்.

"அவுருடா" என்றேன்.

"அக்கா, பைலட்டுங்க ஏறி உக்காந்தாச்சு."

"அவங்க உக்காந்தா சங்கிலி நேராயிடுமா?"

நானே அவிழ்த்து நானே திரும்பக் கட்டினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். "மேஸ்திரி, புறப்படற நேரம் தாண்டிப் போச்சு. சீக்கிரம் முடிங்க" என்றார். வேலை இடத்தில் அவர் என்னை நீங்க என்றுதான் கூப்பிடுவார்.

"நேரம் உங்க கையில, கட்டு என் கையில. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்ப்போம்" என்று எரிந்து விழுந்தேன். காலையில் வீட்டிலும் ஒரு சண்டை. சொட்டுகிற குழாயை இத்தனை நாளாகச் சரி செய்யவில்லை என்று நான் ஆரம்பித்ததுதான். அதன் மிச்சமும் இதில் சேர்ந்துகொண்டது. சங்கிலியை இறுக்கி முடித்த கையோடு திரும்பிப் பார்க்காமல் ஏணியில் இறங்கிவிட்டேன்.

அவரையும் ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பியது. நாங்கள் கைகால் கழுவி உட்காரக்கூட இல்லை. எடைக் கணக்கு அறையிலிருந்து, மேஸ்திரி உடனே வரவும் என்று ஆள் வந்தான்.

அந்த அறையில் ஒரு நீள மேசை, இரண்டு கணினி, சுவரில் ஒரு ஒலிபெருக்கி, ஓடுபாதையைப் பார்த்த பெரிய ஜன்னல். எடைப் பொறியாளர் எழுந்து நின்று தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். எந்தச் சரக்கு எங்கே உட்கார வேண்டும், எத்தனை சங்கிலி வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவர் அவர். அவர் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை. அவர் நாற்காலி கொடுத்தும் நான் உட்காரவில்லை.

"முன் சக்கரம் உள்ளே போனப்போ கோணலா போயிருக்கு. இப்ப வெளிய வர மாட்டேங்குது. கையால இறக்கற வழியையும் பார்த்துட்டாங்க. பின் சக்கரமெல்லாம் சரியா வந்துடுச்சு. மூக்குல மட்டும் கால் இல்ல" என்றார்.

"இங்கேதான் திரும்பி வர்றாங்களா?"

"ஆமா. எரிபொருள் குறையற வரைக்கும் சுத்திட்டு, இங்கேயே எறக்கப் போறாங்க."

மீதியை அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். பின் சக்கரத்தில் இறங்கி, மூக்கை முடிந்தவரை தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கிப் பிடிக்கிற நேரமெல்லாம் ஓடுபாதை தீர்ந்துகொண்டே வரும். மூக்கு தரையில் உட்கார்ந்த பிறகுதான் பிரேக்கைப் பலமாக அழுத்த முடியும். அழுத்தாவிட்டால் ஓடுபாதையின் கோடியில் இருக்கும் சரிவில் இறங்கி, லாரியும் பேருந்தும் ஓயாத பெரிய சாலையில் போய் விழும். அழுத்தினால் மாப்பிள்ளை முன்னால் பாயப் பார்ப்பார். சங்கிலி அவரைத் தடுக்காவிட்டால் விமானிகளின் அறை அவருக்கு ஒரு தகர டப்பா.

"உங்க கணக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"தாங்கும். நான் மூணு விதமா போட்டுப் பார்த்துட்டேன், தாங்கும். எல்லாச் சங்கிலியும் கட்டினபடி இருந்தா" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை நான் சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்."

அப்போதுதான் என் கைப்பேசி அடித்தது. மகள்.

"அம்மா, ஒரு விமானம் சுத்திட்டே இருக்குன்னு இங்க எல்லாரும் பேசிக்கறாங்க. அப்பா போனதா?"

"ஆமா."

"கட்டினது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"சரி. அப்ப நான் கிளாசுக்குப் போறேன்" என்று வைத்துவிட்டாள். என் மகளின் வாய் என் வாய். அந்தக் கடைசி வார்த்தையில் குரல் நடுங்கியது எனக்குத் தெரியாமல் இல்லை. பெற்ற பிள்ளை என்னை இப்படி நம்புகிறாளே என்று நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்திலேயே அந்தக் கடைசிச் சங்கிலி நினைவுக்கு வந்துவிட்டது.

கட்டியது நான். இழுத்துப் பார்த்தது யார்? நான் கோபத்தில் இறங்கி வந்துவிட்டேன். அந்தச் சொல் என் காதில் விழவே இல்லை.

பின்னால் வந்து கதவோரம் நின்றிருந்த என் ஆட்களைப் பார்த்தேன். "கடைசிக் கட்டை இழுத்துப் பார்த்தது யாருடா?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நான் கருவியெல்லாம் எடுத்துட்டு உங்க பின்னாடியே வந்துட்டேன்கா" என்றான் ஊமை. அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பெயர் அவனுக்குப் பொருந்தியதை அன்றுதான் பார்த்தேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. கேப்டனின் குரல். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். குள்ளமான ஆள், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அன்றும் அதே குரல்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"மேஸ்திரி இருக்காங்களா?"

"இருக்கேன், கேப்டன்."

"நான் பிரேக் போடறப்போ சங்கிலி எப்படி இருக்குன்னு எனக்கு ஒருத்தர் பார்த்துச் சொல்லணும். தளர்ந்தா நான் விட்டுப் பிடிக்கணும், இல்லன்னா முழுசா அழுத்தலாம். உங்க வீட்டுக்காரர் முன் சுவத்து மடக்கு நாற்காலியில உக்காந்து பார்த்துச் சொல்றேங்கறார். அதுக்கு முன்னாடி எனக்குக் கீழேயிருந்து ஒரு வார்த்தை வேணும். உறுதியா இல்லன்னா அவரை அங்க உக்கார விட மாட்டேன்."

அந்த மடக்கு நாற்காலி எனக்குத் தெரியும். விமானிகள் அறையின் சுவரோடு ஒட்டியது. அதில் உட்கார்ந்தால் எதிரே சரக்கு. மாப்பிள்ளையின் மொண்ணை முகம் அவர் மார்புக்கு நேரே இருக்கும். சங்கிலி தோற்றால் முதலில் அவர்தான்.

அறையே என்னைப் பார்த்தது. 'எல்லாம் சரியா இருக்கு, கேப்டன்' என்று சொல்லிவிடலாம். வேறு யாராவதாக இருந்தால் சொல்லியிருப்பார்கள். என் வாயிலிருந்து அது வரவில்லை. என் கட்டுக்கு நானே சாட்சி சொல்ல முடியாது. அது என் புருஷனாகவே இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

"அவரைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க" என்றேன்.

ஒரு கரகரப்பு. "சொல்லுங்க, மேஸ்திரி" என்றார் அவர்.

"கடைசிக் கட்டு. வால் பக்கம், வலது. நான் எறங்கினதுக்கு அப்புறம் யாராவது இழுத்துப் பார்த்தாங்களா?"

"நான் பார்த்தேன்."

"எப்படிப் பார்த்தீங்க?"

"தொங்கியே பார்த்தேன். காலை மடக்கிட்டுத் தொங்கினேன். மயிரிழைகூட அசையல."

"சொன்னீங்களா?"

"சத்தமா சொன்னேன். நீங்கதான் ஏணியில தடதடன்னு எறங்கிட்டிருந்தீங்க. நான் சொல்றது என்னைக்கு உங்க காதுல விழுந்திருக்கு?"

கதவோரம் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உதடு துடித்தது. அழுகையா, சிரிப்பா, கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. இந்த மனுஷன், நேரமாகிவிட்டது என்று என்னை விரட்டிய மனுஷன், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பிறகு என் சங்கிலியில் தொங்கிப் பார்த்திருக்கிறார்.

ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனேன். "கேப்டன், பிடிச்சிருக்கு" என்றேன்.

என் வீட்டுக்காரர் குரல், கேப்டனுக்கு முந்திக்கொண்டு:

"எந்தக் கட்டு?"

என் ஆட்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். எடைப் பொறியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தில் சுற்றுகிற நேரத்திலும் இந்த ஆளுக்குக் குசும்பு போகவில்லை.

"எல்லாக் கட்டும்" என்றேன். "போய் உக்காருங்க."

அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை. தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதையின் இரு பக்கமும் வரிசை கட்டின. ஓடுபாதைக்கோடியின் பெரிய சாலையை மறித்து வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நாங்கள் கொட்டகையின் முற்றத்தில் நின்றோம். யாரும் உட்காரவில்லை. ஊமை என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, அந்த முறுக்கு…" என்று ஆரம்பித்தான். "வாயை மூடு" என்றேன். அவன் தோளில் கை வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

அது வந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின் சக்கரங்களில் பூப்போல உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகும் அந்த அம்மா மூக்கைக் கீழே விடவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு, தலையை நிமிர்த்தியபடி எங்களைத் தாண்டி ஓடியது. விடும்மா, விடும்மா, பாதை தீருதே என்று என் பல்லுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மெல்ல, மிக மெல்லத் தலை இறங்கியது. தரையைத் தொட்டதும் காதைக் கிழிக்கிற ஒரு தேய்ப்புச் சத்தம். அடியில் தீப்பொறி கொட்டியது. பின் சக்கரங்களிலிருந்து புகை கிளம்பியது. பிரேக் விழுந்துவிட்டது என்று தெரிந்தது. இந்த நொடியில்தான் அத்தனை கனமும் என் சங்கிலிகளில் தொங்குகிறது. என் இரண்டு கையும் தாமாகவே முஷ்டி மடக்கிக்கொண்டன, நானே சங்கிலியை இழுத்துப் பிடிக்கிற மாதிரி.

வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. கோடியில் இருக்கும் சிவப்பு விளக்குகளுக்கு இந்தப் பக்கமே, ஒரு தேய்ப்புடன் நின்றது.

தீயணைப்பு வண்டிகள் அதன்மேல் தண்ணீரை அடித்தன. தீ பிடிக்கவில்லை. என் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஊமை அழுதுகொண்டே பேச ஆரம்பித்தான். சரி, உலகம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கை ஆடியது. கிளாசுக்குப் போகிறேன் என்ற மகள், புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். எப்போதிருந்து நின்றாளோ. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிட்டே போகலாம் என்று தீயணைப்பு அதிகாரி சொன்னதும் நாங்கள் ஓடினோம். மூக்கு தரையில் படிந்து, வால் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. பின் கதவுக்கு நீள ஏணி வைத்து ஏறினேன். உள்ளே தரை முன்னால் சரிந்திருந்தது. அந்தச் சரிவில், காலையில் நான் விட்டுப்போன அதே இடத்தில் மாப்பிள்ளை இருந்தார். அடியில் கொடுத்த கட்டைகூட நகரவில்லை. சங்கிலிகள் ஒவ்வொன்றும் நேர்கோடாக நின்றன.

என் வீட்டுக்காரர் முன்பக்கமிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மேலேறி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. நான் அவரிடம் போகாமல் வால் பக்கம், வலதுக்குப் போனேன். கடைசிச் சங்கிலியில் கை வைத்தேன். கல் மாதிரி இருந்தது.

"என்னைப் பார்க்க மாட்டியா?" என்றார். வேலை இடத்தில் முதல் தடவையாக நீ என்றார்.

"இருங்க" என்றேன். திரும்பினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் ஆட்களை நினைத்து, அந்தப் பொறியாளரின் கணக்கை நினைத்து, மூக்கை அப்படிப் பூப்போல வைத்த அந்த அம்மாவை நினைத்து, தொங்கிப் பார்த்த இந்த மனுஷனை நினைத்து. என்னை நினைத்தும்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

கேப்டனும் பின்னாலேயே ஏறி வந்தார். சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தச் சின்னக் குரலில் சொன்னார்: "மேஸ்திரி, நான் பாதிக்கு மேல பிரேக்கை அழுத்த பயந்தேன். இவர்தான் விடாம 'பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே வந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். வண்டி நின்னப்புறமும் சொல்லிட்டிருந்தார். நான்தான் போதும்னு நிறுத்தினேன்."

அப்போதுதான் நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒரு கட்டுக்கு ஒரு தடவைதான்னு சொல்லுவீங்களே" என்றேன். "இத்தனை வருஷத்துல எனக்கு ஒரே ஒரு தடவை. என் சங்கிலிக்கு மட்டும் ஓடுபாதை பூராவுமா?"

அவர் கழுத்து வரை சிவந்துபோனார். ஏணியில் தலையை நீட்டிக்கொண்டிருந்த என் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அங்க உக்காந்து நான் சங்கிலிக்கு மட்டுமா சொல்லிட்டிருந்தேன்னு நினைக்கிற?" என்றார்.

எனக்குக் கண் நிறைந்து எதிரே எதுவும் தெரியவில்லை. சங்கிலியைப் பிடித்திருந்த கையால் அவர் கையைப் பிடித்தேன். இம்மியும் அசையாதபடி இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"முதல்ல கீழ எறங்குங்க" என்றேன். "லோடு எறக்கணும்."